ஐந்து பேருக்கு ஒரு தலை

காளீஸ்வரியின் மகள் தன்யா முதன்முதலாக எழுந்து நாலடி நடந்த சாயங்காலத்தின் விலை, சரியாக ஒரு மணி நேரப் பயிற்சி. அவள் முதன்முதலில் 'ம்மா' என்று வாய் திறந்ததற்கு ஒன்றேகால் மணி. பல் முளைத்தது இனாம். அதைத் தூக்கப் பாடத்தோடு சேர்த்துக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள்.

விற்றவள் செல்வக்கனி. சரக்குதான் காளியுடையது.

விருதுநகரில் 'கனி மழலையகம்' என்றால் தெரியாதவர்கள் கிடையாது. ஐந்து கிளை, மூன்று வேன், நானூறு குழந்தைகள். அதை நடத்துபவள் செல்வக்கனி. அவள் அப்பா மிளகாய் வத்தல் தரகர். துண்டுக்குள் கையைவிட்டு எதிராளியின் விரலைப் பிடித்தே விலை பேசி முடித்துவிடுவார். வெளியே நிற்பவனுக்கு இரண்டு பேர் குசலம் விசாரிப்பது போலத்தான் தெரியும். செல்வக்கனி படித்தது குழந்தைக் கல்வியில் டிப்ளமோ, தேறியது அந்தத் துண்டுக்குள்.

மழலையகத் தலைவர்கள் வருஷத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஆன்லைனில் தொடர் பயிற்சி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் உரிமம் புதுப்பிக்கப்படாது என்று துறை சொல்லி வெகுகாலம் ஆகிறது. ஆரம்பத்தில் அதொன்றும் சிரமமாக இல்லை. சத்தத்தை அணைத்துவிட்டு லேப்டாப்பில் வீடியோவை ஓடவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரிக்கலாம். கடைசியில் பத்துக் கேள்வி வரும். பதில்கள் அதற்கு முந்தியே வாட்ஸப் குரூப்பில் வந்துவிடும். மாநிலம் முழுக்க எல்லாத் தலைவர்களும் இப்படித்தான் கற்றுத் தேர்ந்தார்கள். துறை மெதுவாக விழித்துக்கொண்டது. அப்போது வந்ததுதான் நெற்றிப் பட்டை.

பட்டையைக் கொண்டுவந்த பையன் பெயர் ஜெரால்டு. 'அறிவோடை' என்ற கம்பெனியின் விற்பனை ஆள். இஸ்திரி கலையாத சட்டை, கலையாத சிரிப்பு.

"இதுல வீடியோவே கிடையாது மேடம். இருபது வருஷம் பிள்ளைங்களோட இருந்த ஒருத்தரோட பழக்கத்தை அப்படியே எடுத்து வெச்சிருக்கோம். நெத்தியில கட்டிக்கிட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்தா அந்தப் பழக்கம் உங்களுது."

"உட்கார்ந்தபடியே தூங்கிட்டேன்னா?"

"தூங்கினாலும் ஏறும்."

"பரீட்சை?"

"பட்டையே பார்த்துக்கும். பாடம் தலையில பதிஞ்சாத்தான் சர்ட்டிபிகேட் வரும். ஏமாத்தவே முடியாது மேடம்."

"யாரோட தலைன்னு பார்க்குமா?"

ஜெரால்டு சிரித்தான். "அதுக்குத்தான் போனுக்கு ஓடிபி வருதே."

செல்வக்கனி அதைக் காதில் வாங்கி முடிச்சுப் போட்டுக்கொண்டாள். பாடம் ஏதோ ஒரு தலையில் ஏறியாக வேண்டும். அது எந்தத் தலை என்பது வெறும் ஆறு இலக்கம். பிறகு, நகைக்கடையில் கேட்கிற அதே குரலில் கேட்டாள்:

"சேதாரம் எவ்வளவு?"

"மேடம்?"

"எதையும் சும்மா உள்ள ஏத்த முடியாது தம்பி. எது கழியும்?"

பையன் முதல்முறையாக நாற்காலியில் நெளிந்தான். "மூளையில புதுசா ரூம் கட்ட முடியாது மேடம். அந்தப் பாடத்துக்கு ஒட்டின இடம் ஏற்கெனவே எதுவோ, அது மேலேயே போய் உட்காரும். பிள்ளை வளர்ப்புப் பாடம்னா..."

"நம்ம பிள்ளையை வளர்த்த ஞாபகம் மேல."

"லேசா மங்கும், அவ்வளவுதான். ஒருத்தருக்கு வருஷத்துக்குப் பன்னிரண்டு மணிக்கு மேல கூடாதுன்னு பதினாலாவது பத்தியில போட்டிருக்கோம்."

"தாண்டினா?"

"இதுவரைக்கும் யாரும் தாண்டினதில்லையே."

செல்வக்கனிக்கு ஒரே மகன் கிரி. டொரண்டோவில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பேசுவான், பேச்சில் பாதி நேரம் அவனுக்கு வேறு போன் வரும். ஆனால் ஒன்றரை வயதில் அவன் ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, வெளியே வரும் குளிரைக் கையால் பிடித்துப் பிடித்து ஜட்டிக்குள் போட்டுக்கொண்டான். அது அவளிடம் பத்திரமாக இருந்தது. அதைப் போல இன்னும் எத்தனையோ. ஒரு மணி நேரம் கூட என் தலையில் ஏறக் கூடாது என்று அந்த நிமிஷமே முடிவு கட்டினாள்.

மற்ற நாலு கிளைத் தலைவர்கள் இருக்கிறார்களே என்றால், அவர்கள் காகிதத்தில் இருந்தார்கள். ஒருத்தி சின்னம்மா மகள், ஒருத்தி நாத்தனார், இரண்டு பேர் சம்பந்தி வழி. அதில் ஒருத்தி சென்னையில் இருந்துகொண்டு தன் கிளை எந்தத் தெருவில் இருக்கிறது என்று போனில் கேட்டவள். ஐந்து பேருக்குப் பன்னிரண்டு வீதம் அறுபது மணி. ஒரு தலை வேண்டும்.

காளீஸ்வரி இருபத்துமூன்று வருஷமாக அங்கே ஆயா. லாரிக்குப் போன புருஷன் திரும்பி வராததால், ஐந்து மாதக் கைக்குழந்தையோடு வேலை கேட்டு வந்து நின்றவள். அந்தக் குழந்தை, தன்யா, மழலையகத்திலேயே தவழ்ந்து, நடந்து, படித்து, திண்டுக்கல்லில் வாழ்க்கைப்பட்டு ஏழு மாதம் ஆகப் போகிறது. இப்போது வயிற்றில் ஐந்து மாதம்.

"தன்யாவுக்கு மார்கழியில தேதி சொல்லியிருக்காங்கக்கா. கூட இருக்கணும். மூணு மாசம் லீவு வேணும்."

"மூணா? பிள்ளையை நீயா பெக்கப் போற? ஒரு மாசம்."

"தலைப்பிரசவம்க்கா."

செல்வக்கனி யோசிப்பது போல ஜன்னலைப் பார்த்தாள். "ரெண்டு தாரேன். அதுக்குப் பதிலா, மத்தியானம் பிள்ளைங்க தூங்குற நேரத்துல இதை நெத்தியில கட்டிக்கிட்டு ஒரு மணி நேரம் சும்மா உட்காரணும். அறுபது நாள்."

காளி பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "என்னக்கா இது?"

"பாட்டுக் கேக்குறது மாதிரிதான். காதுல போடாம நெத்தியில போடுறது."

"எனக்கு இங்கிலீசு வராதே."

"அதுக்குத் தமிழ் வரும். உட்காரு."

மகளோடு இரண்டு மாதம் இருக்கலாம் என்ற சந்தோஷத்தில் காளி உட்கார்ந்தாள். துண்டுக்குள் தன் விரல் பிடிபட்டிருப்பது அவளுக்குத் தெரியாது. அது பேரம் என்பதே தெரியாது.

எவர்சில்வர் தட்டில் ஐந்து போன் வரிசையாக இருக்கும். இன்றைக்கு நாத்தனார் கணக்கு, நாளைக்குச் சின்னம்மா மகள் கணக்கு. செல்வக்கனியே ஓடிபி போட்டுவிடுவாள். ஒரு மணி நேரம் கழித்து, 'வாழ்த்துகள், கற்றல் உறுதி செய்யப்பட்டது' என்று வரும்.

இருபது நாளில் காளி மாறிப்போனாள். மூன்று அறை தள்ளி ஒரு குழந்தை வீரிட்டால், காய் நறுக்கியபடியே, "பசி இல்ல. காது வலி" என்பாள். டாக்டரிடம் போனால் காதுதான். மூன்று வயதாகியும் பேசாத பையன் ஒருவன் உதட்டையே பார்ப்பதைக் கவனித்து, அவனுக்குச் சரியாகக் காது கேட்கவில்லை என்று அம்மாவிடம் நோகாமல் எடுத்துச் சொன்னாள். தலைமைப் பாடங்களும் ஏறியிருந்ததால் முதலாளிக்கும் கொஞ்சம் கிடைத்தது.

"அக்கா, வேன் டிரைவரை எல்லார் முன்னாடியும் ஏசாதீங்க. தனியா கூப்பிட்டு, முதல்ல நல்லது ஒண்ணு சொல்லிட்டு அப்புறம் குறையைச் சொல்லுங்க."

"அவன்கிட்ட நல்லது என்னடி இருக்கு?"

"தேடணும்க்கா. அதான் தலைவர் வேலை."

செல்வக்கனி விழுந்து விழுந்து சிரித்தாள். ஐந்து சர்ட்டிபிகேட்டும் கண்ணாடிச் சட்டத்தில் வரவேற்பறையில் ஏறின. உரிமம் வந்தது. புதுச் சேர்க்கை எழுபது. இவ்வளவு லாபத்துக்கு நடுவில் சேதாரம் என்ற சொல் அவளுக்கு எப்போதாவது ராத்திரி சாப்பாட்டில் கல் மாதிரி தட்டுப்படும். ஒதுக்கி வைத்துவிட்டுச் சாப்பிடுவாள்.

கல் பல்லில் விழுந்தது வளைகாப்பன்றுதான்.

காளி வீட்டு வாசலில் பந்தல். தன்யா மணையில் உட்கார்ந்து, கை நிறைய வளையலோடு சிரித்துக்கொண்டிருந்தாள். செல்வக்கனி அவள் கன்னத்தில் சந்தனம் பூசக் குனிந்த நேரத்தில் பெண்களில் யாரோ கேலி பேச, பேச்சு சுற்றி வந்து, தன்யா அம்மாவைப் பார்த்துக் கேட்டாள்:

"ஏம்மா, நான் எத்தனாம் மாசத்துல நடந்தேன்?"

காளி கொஞ்சமும் தயங்கவில்லை. "ஒன்பதுல இருந்து பதினைஞ்சு மாசத்துக்குள்ள நடக்கும். பதினெட்டு தாண்டினா டாக்டர்கிட்ட காட்டணும்."

எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். "பெரிய டாக்டரம்மா!"

"அய்யோ, பொதுவா இல்லம்மா. நான், நான் எப்போ நடந்தேன்?"

காளி வாயைத் திறந்தாள். மூடினாள். வழக்கமாக வைக்கிற இடத்தில் சாவியைத் துழாவுகிறவளின் முகம். "நீயும்... அப்படித்தான் இருக்கும்."

"இருக்குமா?"

"முதல் வார்த்தை என்ன சொன்னா காளி? அதைச் சொல்லு," என்றாள் ஒரு சித்தி.

"உதட்டு எழுத்துதான் முதல்ல வரும். மா, பா," என்றாள் காளி, மகளின் கண்ணைப் பார்க்காமல்.

செல்வக்கனியின் விரலில் சந்தனம் காய்ந்து வெடித்தது.

கை கழுவப் பின்பக்கம் போனவளைத் தேடிக்கொண்டு தன்யா வந்தாள். அவளுக்குச் செல்வக்கனி எப்போதும் 'மிஸ்'தான்.

"மிஸ், அம்மாவுக்கு என்னமோ ஆயிருச்சு. போன மாசத்துல இருந்தே பார்க்கிறேன். நல்லாத்தான் பேசுறாங்க. ஆனா என்னைப் பத்திக் கேட்டா யார் வீட்டுப் பிள்ளையைப் பத்தியோ சொல்ற மாதிரி சொல்றாங்க. மறதி வியாதியா இருக்குமோன்னு அவர் சொல்றாரு. மதுரையில ஸ்கேன் எடுக்கலாம்னு இருக்கோம். நாற்பத்தாறு வயசுல வருமா மிஸ்?"

அந்த இடத்தில்தான் தரகர் மகளின் புத்தி தானாகத் துண்டை விரித்தது. வியாதி என்றால் யாரும் பொறுப்பில்லை. வியாதிக்குப் பதினாலாவது பத்தி கிடையாது. 'வரும்மா, சில பேருக்கு வரும்' என்று ஒரு வார்த்தை போதும். வாய் வரைக்கும் வந்தது. தன்யா முந்தானையால் கண்ணைத் துடைத்தபோது வளையலெல்லாம் ஒருசேரக் குலுங்கின.

"ஸ்கேனை ஒரு வாரம் தள்ளிப்போடு. நான் பேசிப் பார்க்கிறேன்," என்றாள் செல்வக்கனி.

திங்கட்கிழமை மத்தியானம். இருபது குழந்தைகள் பாயில் வரிசையாகத் தூங்கிக்கொண்டிருந்தன. காளி ஒரு சுவரோரம் உட்கார்ந்து, புரண்டு படுத்த பையனைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். செல்வக்கனி அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். இருபத்துமூன்று வருஷத்தில் முதல்தடவை.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும் காளி."

"தனியா கூப்பிட்டுத்தான் சொல்றீங்க. முதல்ல நல்லது ஒண்ணு சொல்லுங்க."

"நல்லது எதுவும் இல்ல."

எல்லாவற்றையும் சொன்னாள். ஐந்து போன், பதினாலாவது பத்தி, பன்னிரண்டுக்கு மேல் கூடாது என்றது, அதைத் தெரிந்தே அறுபது ஏற்றியது.

காளி தட்டுவதை நிறுத்தவில்லை. "போனது திரும்புமா?"

"பட்டை கொண்டுவந்த பையன்கிட்ட கேட்டுட்டேன். திரும்பாது."

"நீங்க ஒரு மணி நேரம்கூடக் கட்டிக்கலையா?"

"இல்ல."

"ஏன்?"

"கிரி," என்றாள் செல்வக்கனி.

காளி தலையாட்டினாள். "அப்போ விலை தெரிஞ்சுதான் எடுத்திருக்கீங்க."

வெளியே வேன் ஒன்று பின்வாங்கும் சத்தம் கேட்டது.

"இப்ப நான் அழணும்லக்கா?" என்றாள் காளி மெதுவாக. "எதுக்கு அழணும்னே தெரியல. என்ன போச்சுன்னு தெரிஞ்சாத்தானே அழறதுக்கு."

செல்வக்கனி அழுதாள். காளி அவள் அழுது முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் காத்திருந்தாள். அதுவும் ஒரு மணி நேரப் பாடம்தான். பிறகு சொன்னாள்:

"தன்யா அஞ்சு மாசத்துல இருந்து இங்கதானே கிடந்தா. நீங்க பார்த்திருப்பீங்கல்ல. சொல்லுங்க. அவ கேட்டா நான் சொல்லணும்."

அன்றைக்கே முதல் ஞாபகத்தைச் சொன்னாள் செல்வக்கனி.

"சாயங்காலம் அஞ்சு மணி இருக்கும். மத்த பிள்ளைங்க எல்லாம் போயாச்சு. நீ கூட்டிக்கிட்டு இருந்த. அவ அரிசி மூட்டையைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. விளக்குமாறு மேல அவளுக்கு ஒரு கண்ணு. கையை விட்டுட்டு ஒரு எட்டு வெச்சா."

"நான் ஓடிப்போய்த் தூக்கினேனா?"

"தூக்கல. விளக்குமாறை இழுத்துக்கிட்டே பின்னால நகர்ந்த. அவ அதைப் பிடிக்க இன்னொரு எட்டு. நீ இன்னும் நகர்ந்த. நாலு எட்டு. அப்புறம் பொத்துனு உட்கார்ந்துட்டா. நீ விளக்குமாறைத் தூக்கி எறிஞ்சுட்டு, 'அக்கா பார்த்தீங்களா, பார்த்தீங்களா'ன்னு என் கையைப் பிடிச்சு உலுக்கின. வளையல் ஒண்ணு உடைஞ்சுபோச்சு."

காளி வேறு யார் வீட்டுக் கதையோ போலத்தான் கேட்டாள். கேட்டு முடித்ததும், "இன்னொரு தடவை சொல்லுங்க," என்றாள்.

ஒரு நாளைக்கு ஒன்று. மணல் தின்றது, காய்ச்சலில் செல்வக்கனியின் தோளிலேயே வாந்தி எடுத்தது, மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தது. ஏழாம் நாளோடு சரக்கு தீர்ந்துவிட்டது. செல்வக்கனி பழைய பதிவேடுகளைத் தூசி தட்டி எடுத்துப் பார்த்தாள். 'தன்யஸ்ரீ: பால் 2, தூக்கம் 1, காய்ச்சல் இல்லை.' பக்கம் பக்கமாக அதுதான். ஐந்து வருஷம் கண்ணுக்கு முன்னால் வளர்ந்த பிள்ளை, அவளிடம் மிஞ்சியது ஏழு. அதிலும் மூன்று, அந்தக் குழந்தையால் தனக்கு வந்த தொந்தரவு. குழந்தைகளைக் கவனிப்பதில் இருபத்தைந்து வருஷ அனுபவம் என்று தன் பலகையில் எழுதியிருப்பவள் அவள்.

எட்டாம் நாள் காளி வந்து எதிரில் உட்கார்ந்தாள். செல்வக்கனி பதிவேட்டை மூடி வைத்தாள். பிறகு சொன்னாள்:

"ஒருநாள் ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து வெச்சுக்கிட்டு, அந்தக் குளிரைப் பிடிச்சுப் பிடிச்சு ஜட்டிக்குள்ள போட்டுக்கிட்டா."

காளி சிரித்தாள். இத்தனை நாளில் முதல்முறையாக, வாய்விட்டு.

அந்தச் சிரிப்புக்காக ஒன்பதாம் நாள் இன்னொன்றை எடுத்துக் கொடுத்தாள். பத்தாம் நாள் ஒன்று, பதினோராம் நாள் ஒன்று. ஒவ்வொன்றிலும் கிரியின் முகத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தன்யாவின் முகத்தை ஒட்ட வேண்டியிருந்தது. வீட்டுக்குப் போய்ப் படுத்தால், குளிரைப் பிடிக்கிற குழந்தைக்கு இப்போது ரெட்டைச் சடை தெரிந்தது.

பதினோராம் நாள் கதை முடிந்ததும் காளி எழுந்து போகவில்லை.

"அக்கா, தன்யா சின்னப் பிள்ளையா இருக்கும்போது எங்க வீட்டுல ஃபிரிட்ஜ் கிடையாது. அவ யூகேஜி முடிக்கிற வரைக்கும் இங்கயும் கிடையாது. அது ஞாபகம் இருக்கு."

செல்வக்கனி தரையைப் பார்த்தாள். மட்ட வத்தலுக்கு மேலே நல்ல வத்தலைப் பரப்பிச் சாம்பிள் காட்டிப் பிடிபட்டவர்களை அவள் அப்பா கடையில் பார்த்திருக்கிறாள். "எப்போ கண்டுபிடிச்ச?"

"எட்டாம் நாளே."

"ஏன் அன்னைக்கே சொல்லல?"

"நாற்பத்தாறாவது மணிப் பாடத்துல வரும்க்கா. பிள்ளைங்க இல்லாததைக் கட்டிச் சொன்னா, பொய்யின்னு பிடிக்கக் கூடாது. முழுசாக் கேட்கணும். எதுக்காக அந்தக் கதையைக் கட்டுதுன்னு பார்க்கணும்." காளி ஒரு குழந்தையின் விலகிய போர்வையை இழுத்துவிட்டாள். "கிரி தம்பியோடதுதானே நாலும்?"

"ஆமா."

"தன்யாகிட்ட முதல் ஏழை மட்டும்தான் சொன்னேன். நடந்த கதையைக் கேட்டு போன்லயே அழுதுட்டா. ஸ்கேன் வேணாம்னு சொல்லிட்டா. இந்த நாலை அவகிட்ட சொல்லல. நானே வெச்சுக்கிறேன். உங்களுக்கு என்னைக்காவது மங்கிப்போச்சுன்னா வந்து கேளுங்க."

செல்வக்கனி நிமிர்ந்தாள். "அவகிட்ட என்னைப் பத்தி..."

"சொல்லல. அது நான் சொல்ற விஷயம் இல்ல. பிள்ளை பிறந்ததும் பார்க்க வருவீங்கல்ல? அப்ப நீங்க சொல்லுங்க. முதல்ல நல்லது ஒண்ணு தேடி வெச்சுக்கோங்க." எழுந்தவள் கதவருகே திரும்பினாள். "அப்புறம், லீவு மூணு மாசம்."

வாழ்க்கையில் முதல்முறையாக எதிர்விலை சொல்லாமல், "சரி" என்றாள் செல்வக்கனி.

அன்று சாயங்காலம் வரவேற்பறையிலிருந்து ஐந்து கண்ணாடிச் சட்டங்களையும் இறக்கிச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தாள். துறைக்கு எழுத உட்கார்ந்த கடிதம் 'மதிப்பிற்குரிய' என்பதோடு நின்றது. அதை இழுப்பறையில் போட்டுவிட்டு, பழைய பதிவேட்டில் காலியாக இருந்த ஒரு பக்கத்தை விரித்தாள்.

எடுத்தது: அறுபது மணி.
திருப்பிக் கொடுத்தது: பதினொன்று.

பேனாவை மூடப் போனவள் மூடாமல், பதினொன்றை அடித்தாள்.

தன்யாவுடையது: ஏழு.
கிரியுடையது: நான்கு. கலப்படம், கணக்கில் சேராது.
பாக்கி: ஐம்பத்து மூன்று.
சொல்ல வேண்டிய இடம்: திண்டுக்கல் பிள்ளை ஒருத்தி, துறை ஒன்று.
தவணை: மார்கழி.